அத்தை மகளும் மாமன் மகளும் ஒன்றல்ல: காவிரிப் படுகையில் மக்கள்தொகை உயிரியல் படிக்கத் தொடங்குவோருக்கு

விலங்கியல் முதுகலை முடித்த கையோடு நான் செய்த முதல் கள ஆய்வு வீணாய்ப் போனது. குடமுருட்டிக் கரையில் இரண்டு ஊர்கள், இருநூறு வீடுகளுக்கு மேல். திண்ணை திண்ணையாக உட்கார்ந்து கேட்ட கேள்விகளில் ஒன்று, "சொந்தத்தில் கல்யாணமா?" ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டு வைத்திருந்தேன். டிக் அடித்துக்கொண்டே போனேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, அந்தத் தாள்களை வைத்துக்கொண்டு எதையும் கணக்கிட முடியாது என்று. அக்கா மகளைக் கட்டியவரும் 'ஆம்', அத்தை மகளைக் கட்டியவரும் 'ஆம்', "ஏதோ தூரத்துச் சொந்தம்" என்றவரும் 'ஆம்'. மரபியலில் இவை மூன்றும் வேறு வேறு எண்கள். அத்தனை வீட்டுக்கும் மறுபடி நடந்தேன். ஒரு பாட்டி சொன்னார்: "என்ன முறைன்னு அப்பவே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி."

அந்தப் பாட்டி சொன்னதை மனதில் வைத்துத்தான் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். படுகையில் இருக்கும் இளங்கலை, முதுகலை மாணவர்கள், செவிலியர்கள், உயிரியல் ஆசிரியர்கள் யாரும் இதைப் பின்பற்றித் தொடங்கலாம்.

ஒருவருக்கு ஏன் இந்த நோய் வந்தது என்பது மருத்துவர் கேட்கும் கேள்வி. ஒரு தெருவில் நான்கு பேருக்கு வந்தது அடுத்த தெருவில் ஏன் ஒருவருக்குக்கூட இல்லை, அந்த நான்கு பேரும் ஒருவருக்கொருவர் என்ன உறவு, அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்து குடியேறினார்கள், எந்தச் சாக்கடையின் கொசு அவர்களைக் கடித்தது என்று கேட்கத் தொடங்கினால் அது மனித மக்கள்தொகை உயிரியல். மரபியல், பரிணாமம், நோயியல், பிறப்பு இறப்புக் கணக்கு எல்லாம் இதில் ஒன்று சேர்கின்றன.

முதல் படி: உங்கள் வீட்டுக் கொடிவழி

ரத்தம், டி.என்.ஏ., ஆய்வகம் எதையும் இப்போது நினைக்க வேண்டாம். ஒரு சார்ட் தாள், பென்சில், ரப்பர் போதும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். கணவன் மனைவியை ஒரு கோட்டால் இணையுங்கள். அவர்கள் ரத்த உறவு என்றால் இரட்டைக் கோடு. பிள்ளைகள் கீழே, மூத்தவர் இடது ஓரத்தில். இறந்தவர் மேல் ஒரு சாய்கோடு. நீங்கள் கவனிக்கும் நோய் உள்ளவரின் கட்டத்தை நிரப்பிக் கறுப்பாக்குங்கள். தாத்தா பாட்டியின் பெற்றோர் வரை போக முடிந்தால் நல்லது. பிறந்து சில நாளிலேயே இறந்த குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். வீட்டில் பெரும்பாலும் அவர்களைக் கணக்கில் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். ஆனால் மரபியல் அதிகம் பேசுவது அவர்களைப் பற்றித்தான்.

இப்போது முறைக்கு வருவோம். தாய்மாமனும் அக்கா மகளும் மணந்தால், அவர்களுடைய குழந்தையிடம் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு 8இல் 1. அத்தை மகளையோ மாமன் மகளையோ கட்டினால் 16இல் 1. இதை உட்கலப்புக் கெழு என்பார்கள். பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்களில் அத்தை மகளே மாமன் மகளாகவும் இருப்பாள்; அவளைக் கட்டினால் இரண்டு வழியும் சேர்ந்து மறுபடி 8இல் 1. ஒரே தலைமுறையில் பார்த்தால் இவ்வளவுதான். மூன்று தலைமுறையாக இப்படியே நடந்திருந்தால் கெழு இன்னும் ஏறும். அதனால்தான் மேலே மேலே வரையச் சொல்கிறேன்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆங்கிலத்தில் அத்தை மகளுக்கும் மாமன் மகளுக்கும் ஒரே சொல். நமக்கு இரண்டு. எக்ஸ் குரோமோசோமைப் பொறுத்தவரை நம் இரண்டு சொற்கள்தான் சரி. ஆண்மகன் தன் எக்ஸ் குரோமோசோமை அம்மாவிடமிருந்து மட்டுமே பெறுகிறான். அப்பாவிடமிருந்து அவனுக்கு வருவது ஒய். அத்தை மகளோடு அவனுக்குள்ள உறவு அப்பா வழியாக ஓடுகிறது. அந்த வழியில் எக்ஸ் அவனிடம் வந்து சேர்வதே இல்லை. ஆகவே அவர்களுக்குப் பிறக்கும் பெண் குழந்தையின் எக்ஸில் உட்கலப்பு சுழியம். மாமன் மகளைக் கட்டினால் உறவு அம்மா வழியாக ஓடுகிறது. பெண் குழந்தைக்கு 8இல் 1. மகன்களுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று என்பதால் இந்தக் கணக்கு அவர்களுக்குப் பொருந்தாது. நிறக்குருடு போன்ற எக்ஸ் வழிக் குறைகளைப் படிக்கப் போகிறவர்கள் இந்த ஒரு பத்தியைத் தாளில் வரைந்து பார்த்தே தீர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. நம் ஊரில் அப்பாவின் கூடப்பிறந்தவளும் அத்தை, மாமனின் மனைவியும் அத்தை. "அத்தை மகள்" என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். "அப்பாவோட கூடப்பிறந்த அத்தையா? ஒரே வயிற்றுப் பிள்ளைகளா, ஒன்றுவிட்டவர்களா?" என்று கேட்டு எழுதுங்கள். இரண்டாம் முறை போனபோது நான் அதிகம் திருத்திய இடம் இதுதான்.

இரண்டாம் படி: ஹார்டியின் கணக்கு

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். 1913இல் அவர் கடிதம் எழுதிய அதே ஆங்கிலேயக் கணித மேதை ஹார்டிதான், 1908இல் மரபியலின் அடிப்படைக் கணக்கு ஒன்றைச் சிறு கடிதமாக எழுதினார். ஆதிக்கப் பண்பு, அதாவது ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படும் பண்பு, என்றால் அது தலைமுறைக்குத் தலைமுறை பெருகி ஊரையே நிரப்பிவிடாதா என்று அப்போது ஒரு கேள்வி எழுந்திருந்தது. நிரப்பாது என்று காட்டினார். ஆட்கள் எண்ணிக்கை பெரிது, யாரும் வெளியேறவோ உள்ளே வரவோ இல்லை, சடுதி மாற்றம் (மரபணுவில் திடீர் மாறுதல்) இல்லை, இயற்கைத் தேர்வு இல்லை, திருமணம் முறை பார்க்காமல் நடக்கிறது என்றால் அலீல்களின், அதாவது ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களின், விகிதம் அப்படியே நிற்கும். அதே ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் வைன்பெர்க்கும் தனியாக இதையே கண்டார். அதனால் ஹார்டி-வைன்பெர்க் விதி என்கிறோம். கும்பகோணத்துப் பிள்ளைகள் இந்த விதியை எடுத்தவுடன் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

போட்டுப் பார்ப்போம். கல்லூரி ரத்ததான முகாமில் 400 பேர், அதில் ஆர்.எச். நெகட்டிவ் 20 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20ஐ 400ஆல் வகுத்தால் 0.05. நெகட்டிவ் என்பது இரண்டு பிரதியும் நெகட்டிவாக இருக்கும் நிலை, ஆகவே 0.05இன் வர்க்கமூலம், ஏறக்குறைய 0.22, நெகட்டிவ் அலீலின் விகிதம். மற்றது 0.78. இரண்டையும் பெருக்கி இரண்டால் பெருக்கினால் 0.34. அதாவது பாசிட்டிவ் என்று அட்டை வாங்கிப் போனவர்களில் 140 பேருக்கு அருகில் ஒரு நெகட்டிவ் பிரதியைச் சுமந்துகொண்டிருக்கிறார்கள். 20 பேரை எண்ணி, கண்ணுக்குத் தெரியாத 140 பேரைக் கண்டுபிடித்துவிட்டோம்.

அடுத்தது அரிய நோய். ஒடுங்கிய அலீல் (இரண்டு பிரதியும் அதுவாக இருந்தால்தான் நோய் தருவது) ஒன்றின் விகிதம் 100இல் 1 என்று கொள்வோம். உறவில்லாதவர்கள் மணந்தால் 10,000 குழந்தைகளில் ஒருவருக்கு நோய் வரும். அத்தை மகள், மாமன் மகள் என்றால் 10,000இல் 7 பேர். அக்கா மகள் என்றால் 13 பேர். இந்த எண்ணை யாரிடமும் பாதியாகச் சொல்லாதீர்கள். 13 மடங்கு என்பதும் உண்மை, 10,000இல் 9,987 குழந்தைகளுக்கு அந்த நோய் இல்லை என்பதும் உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் ஒன்று பயமுறுத்துகிறீர்கள், அல்லது ஏமாற்றுகிறீர்கள்.

ஹார்டி போட்ட நிபந்தனைகளில் ஒன்றுகூட நம் ஊருக்கு முழுதாகப் பொருந்தாது. முறை பார்த்துத்தான் கட்டுகிறோம். பிழைப்புக்கு வெளியே போகிறோம். 19ஆம் நூற்றாண்டில் நாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து பினாங்குக்கும் மலேயாவுக்கும் கப்பல் கப்பலாக ஆட்கள் போனார்கள். விதி எங்கே பிசகுகிறது என்று பார்ப்பதே நம் வேலை. பிசகும் இடத்தில்தான் வரலாறு இருக்கிறது.

கணிதம் பயமாக இருந்தால் நிகழ்தகவு, சராசரி, எதிர்பார்த்த எண்ணையும் கிடைத்த எண்ணையும் ஒப்பிடும் கை-வர்க்கச் சோதனை இந்த மூன்றும் வந்தால் முதல் ஆண்டு ஓடிவிடும். அப்புறம் ஆர் என்ற இலவச மென்பொருளைக் கற்றுக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: ஏற்கெனவே இருப்பதைப் படிப்பது

களத்தில் இறங்கும் முன் ஆறு மாதம் இதற்குக் கொடுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தேசியக் குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கைகளும் இணையத்தில் இலவசம். 2019–21இல் நடந்த ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் மேற்பட்ட பெண்கள் சொந்தத்தில் மணமானவர்கள். மகப்பேற்று விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.8, 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல் ரத்தசோகை.

படிக்கும்போது எல்லைகளைக் கவனியுங்கள். பழைய தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1991இல் நாகப்பட்டினமும், 1997இல் திருவாரூரும் பிரிந்தன. மயிலாடுதுறை 2020இல்தான் தனி மாவட்டம். 1981இன் தஞ்சாவூரை 2011இன் தஞ்சாவூரோடு ஒப்பிட்டு "மக்கள்தொகை சரிந்துவிட்டது" என்று எழுதிய மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தாலுகா வாரியாகக் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று: 2011இல் தஞ்சாவூரில் 1,000 ஆண்களுக்கு 1,035 பெண்கள். உடனே இதில் உயிரியலைத் தேடாதீர்கள். திருப்பூரிலும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஆண்களை முதலில் எண்ணுங்கள். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் விகிதத்தைத் தனியாகப் பாருங்கள்.

மரபணுத் தரவும் இலவசமாகக் கிடைக்கிறது. ஆயிரம் மரபணுத்தொகுதித் திட்டம் 26 மக்கள் குழுக்களிலிருந்து 2,504 பேரின் தரவை வெளியிட்டது. அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் நூறு பேரளவில் இருக்கிறார்கள். அவர்கள் படுகைக்காரர்கள் இல்லைதான். ஆனால் அலீல் விகிதம் எடுக்கவும், மற்ற குழுக்களோடு ஒப்பிடவும், பிளிங்க் போன்ற மென்பொருளைப் பழகவும் ஒரு சொட்டு ரத்தம் எடுக்காமல் அதுவே போதும். இந்தியாவிலேயே 10,000 பேரின் மரபணுத்தொகுதியைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவும் இப்போது இருக்கிறது. அதற்கு விண்ணப்பித்து அனுமதி வாங்க வேண்டும்.

பழைய ஆவணங்களையும் மறக்க வேண்டாம். தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் தலைமுறைக் கணக்குக்கு அருமையான மூலம். தஞ்சை சரசுவதி மகாலில் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள் கண்ணின் படங்களோடு இருக்கின்றன. தஞ்சையில் எந்தக் கண்ணுக்கு என்ன வந்தது என்று இருநூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் உட்கார்ந்து எழுதி வைத்திருக்கிறார். அதைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான்காம் படி: ஒரே ஒரு கேள்வி

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் நீரிழிவு நோயை எடுக்க ஆசைப்படுவார்கள். முதல் ஆய்வுக்கு வேண்டாம். பஞ்ச காலத்தில் உயிர் காத்த 'சிக்கன மரபணு' இன்று நீரிழிவாகிறது என்று 1962இல் அமெரிக்க மரபியலாளர் ஜேம்ஸ் நீல் ஒரு கருத்தைச் சொன்னார்; பின்னாளில் அவரே அதைத் திருத்திக்கொண்டார். தீட்டிய அரிசி, நடவு இயந்திரம், கருவில் கிடைத்த ஊட்டம், பிறந்தபோது எடை, மரபணு என்று எத்தனையோ நூல்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கும் விஷயம் அது. ஒரு பட்டமேற்படிப்பு ஆய்வேட்டில் அவிழாது.

படுகைக்கென்றே ஒரு நோய் இருக்கிறது, யானைக்கால். கும்பகோணம் ஒரு காலத்தில் இதற்குப் பேர்போன ஊர். எம்.எஸ். சுவாமிநாதனின் தந்தை டாக்டர் சாம்பசிவன் அங்கே அறுவை மருத்துவராக இருந்தபோது, ஊர் மக்களைத் திரட்டிக் கொசு ஒழிப்பில் இறங்கினார். யானைக்காலை வைத்து இந்தத் துறையின் பாதியைக் கற்றுக்கொள்ளலாம்.

வூச்சரேரியா பான்கிராப்டி என்ற நூல்போன்ற புழு நிணநீர்க் குழாய்களில் பல ஆண்டுகள் வாழும். அதன் குஞ்சுகள் ரத்தத்தில் மிதக்கும். சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் பெருகும் கியூலக்ஸ் கொசு அவற்றை உறிஞ்சி, இரண்டு வாரத்துக்குள் வளர்த்து, அடுத்தவருக்குக் கடத்தும். கொசுவின் பங்கை 1877இல் பாட்ரிக் மேன்சன் சீனாவில் கண்டறிந்தார். நம் ஊரில் புழுக்குஞ்சு தோல் அருகே ரத்தத்தில் நிறைய வருவது இரவு 10 மணி முதல் 2 மணி வரை. அதனால்தான் யானைக்கால் பரிசோதனைக்கு நள்ளிரவில் வந்து விரலில் குத்துகிறார்கள். கியூலக்ஸ் கடிக்கும் நேரமும் அதுவே. பசிபிக் தீவுகள் சிலவற்றில் பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு இதைப் பரப்புகிறது. அங்கே புழுக்குஞ்சுகள் பகலிலும் ரத்தத்தில் இருக்கின்றன. பரிணாமத்துக்கு டார்வினின் தீவுகளுக்குப் போக வேண்டியதில்லை. நம் தெருச் சாக்கடையும் ஒரு கடிகாரமும் போதும்.

அடுத்தது மரபியல் கேள்வி. ஒரே வீட்டில், ஒரே கொசுவுக்கு நடுவில் படுத்தாலும் எல்லோருக்கும் கால் வீங்குவதில்லை. புழு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு வெளியில் தெரியும்படி எதுவும் இருக்காது. வேறுபாடு மரபணுவிலா, வீட்டிலா? இதைப் பிரித்துப் பார்க்க நம் குடும்ப அமைப்பே வழி தருகிறது. மருமகள் அந்த வீட்டின் கொசுவைப் பகிர்ந்துகொள்கிறாள், மரபணுவை அல்ல. கட்டிக்கொடுத்த மகள் மரபணுவைப் பகிர்ந்துகொள்கிறாள், கொசுவை அல்ல. மருமகளையும் வாழப்போன மகளையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால், கேள்வியின் முதல் பதில் டி.என்.ஏ. இல்லாமலே கிடைக்கும். ஆனால் மருமகள் அக்கா மகளாக இருந்தால்? அவள் இரண்டையும் பகிர்ந்துகொள்கிறாள். மறுபடியும் முறையில் வந்து நிற்கிறோம், பாருங்கள்.

இதே வழக்கம் மரபணுவிலும் தடம் பதிக்கும். பெண் ஊர்விட்டு ஊர் போகிறாள், ஆண் பிறந்த ஊரில் தங்குகிறான். அதனால் அம்மா வழியே மட்டும் வரும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. பல ஊர்களுக்கும் பரவி நிற்கும். ஒய் குரோமோசோம் ஊருக்கு ஊர் வேறுபட்டு நிற்கும்.

இதய நோயில் ஆர்வம் உள்ளவர்களுக்கு ஒன்று. இதயத் தசைப் புரதம் ஒன்றின் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்ட வடிவம் தெற்காசியர்களில் 100க்கு 4 பேரிடம் உள்ளதாக 2009இல் ஓர் ஆய்வு காட்டியது. மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முக்கியப் பங்காற்றிய ஆய்வு அது. கேடு செய்யும் மாற்றம் ஏன் இவ்வளவு பேரிடம் தங்கியது? அந்தக் கேடு பெரும்பாலும் நடு வயதுக்குப் பிறகே வெளிப்படுகிறது, அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிடுகின்றன. இயற்கைத் தேர்வின் பார்வை அதன்பின் மங்கிவிடும். இந்த ஒரு எடுத்துக்காட்டை நன்றாகப் புரிந்துகொண்டால் முதுமை நோய்கள் பலவற்றை எப்படிப் பார்ப்பது என்று தெரிந்துவிடும்.

சாதி பற்றிப் பேசித்தான் ஆக வேண்டும்

நம் ஊரில் திருமணம் சாதிக்குள் நடக்கிறது. ஆகவே மரபியல் ஆய்வில் அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியாது. ஆனால் இந்தத் துறைக்கு ஒரு கெட்ட வரலாறு இருக்கிறது. நூறாண்டுக்கு முன் எச்.எச். ரிஸ்லி போன்ற பிரிட்டிஷ் அதிகாரிகள் மூக்கின் அகலத்தை அளந்து சமூகங்களைப் படிநிலைப்படுத்த முயன்றார்கள். மூக்கை அளந்து மனிதரைத் தரம் பிரிக்கலாம் என்ற அந்த எண்ணம் தவறு. மரபணுவை வைத்து அதையே செய்வதும் தவறு.

2009இல் ஐதராபாத் சி.சி.எம்.பி. (உயிரணு, மூலக்கூறு உயிரியல் மையம்) விஞ்ஞானிகளும் அமெரிக்க ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவின் ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் கலப்பினால் உருவானவை என்று காட்டியது. 2013இல் வந்த அடுத்த ஆய்வு அந்தக் கலப்பு நடந்த காலத்தை ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் என்று மதிப்பிட்டது. அகமணம், அதாவது தன் குழுவுக்குள்ளேயே மணப்பது, இறுகியது அதற்குப் பிறகு. 2017இல் வந்த இன்னொரு ஆய்வில், தெற்காசியாவின் 81 குழுக்கள் மிகச் சிலரிலிருந்து பெருகியவை, அந்த நிறுவனர் விளைவு பின்லாந்து மக்களிடம் இருப்பதைவிடக் கடுமையானது என்று தெரிந்தது. இதில் முக்கியமான பாடம், சொந்தத்தில் கட்டாவிட்டாலும் சிறிய குழுவுக்குள்ளேயே கட்டிக்கொண்டிருந்தால் ஒடுங்கிய நோய்கள் தலைகாட்டும் என்பது. அத்தை மகள் திருமணத்தை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். "இந்தச் சாதிக்கு இந்த நோய்" என்று தலைப்பு வைக்காதீர்கள். சிறிய ஊரில் குழுவின் பெயரும் நோயின் பெயரும் சேர்ந்து வெளிவந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமையாது. நம் ஆய்வுக் கட்டுரைக்கு அந்த விலையை அவள் ஏன் கொடுக்க வேண்டும்?

ஐந்தாம் படி: அனுமதி

மனிதர்களிடம் கேள்வி கேட்பதாக இருந்தால்கூட நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால் அருகில் உள்ள மருத்துவக் கல்லூரியை உங்கள் ஆய்வு வழிகாட்டிப் பேராசிரியர் மூலம் அணுகுங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளை முழுவதும் படியுங்கள். ஒப்புதல் படிவம் ஊர்த் தமிழில் இருக்க வேண்டும், வாய்விட்டுப் படித்துக்காட்ட வேண்டும். கைநாட்டு என்றால் உங்கள் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் வேண்டும். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் ஒப்புதல் மட்டும் போதாது, 7 வயதைத் தாண்டிய பிள்ளையின் சம்மதத்தையும் கேட்க வேண்டும்.

எதற்கு என்று சொல்லி வாங்கினோமோ அதற்கு மட்டுமே மாதிரியைப் பயன்படுத்த வேண்டும். அமெரிக்காவில் அரிசோனாவின் ஹவாசுபாய் பழங்குடி மக்கள் நீரிழிவு ஆய்வு என்று நம்பி ரத்தம் கொடுத்தார்கள். அது வேறு ஆய்வுகளுக்கும் போயிற்று. வழக்காகி, 2010இல் பல்கலைக்கழகம் இழப்பீடு கொடுத்து, ரத்தத்தைத் திருப்பித் தந்தது. டி.என்.ஏ. எடுக்கும் கட்டம் வந்தால், சொல்லப்பட்ட தந்தை உண்மைத் தந்தை அல்ல என்று எப்போதாவது தெரியவரும். அதை யாரிடமும் எந்தச் சூழலிலும் சொல்வதில்லை என்பதை முன்பே முடிவு செய்து நெறிமுறைக் குழுவிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: களம், பருவம் பார்த்து

மேட்டூரில் ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால் அடுத்த சில வாரம் குறுவை நடவு. பெண்கள் காலையிலேயே வயலுக்குப் போய்விடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை. பாதி ஊருக்குள் நுழையவே முடியாது. தையில் சம்பா அறுப்பு. மாசி, பங்குனியில் உளுந்து, பயறு எடுப்பு. என் அனுபவத்தில் கொடிவழி எழுதச் சித்திரையைப் போல வசதியான மாதம் இல்லை. பள்ளி விடுமுறை, கோயில் திருவிழா, கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் பிறந்த வீட்டுக்கு வந்திருப்பார்கள். வெயிலுக்கு அஞ்சி நடுப்பகலில் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நீங்கள்தான் வெயிலில் நடக்க வேண்டும்.

முதலில் கிராம சுகாதாரச் செவிலியரைப் பாருங்கள். ஊரில் எந்த வீட்டில் என்ன என்று அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அவரிடம் தனிப்பட்டவர்களின் நோய் விவரத்தைக் கேட்காதீர்கள். வீடுகளுக்கு அறிமுகம் மட்டும் கேளுங்கள். ஊராட்சித் தலைவரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வயதானவர்களுக்குப் பிறந்த ஆண்டு தெரியாது. கும்பகோணம் பக்கம் மகாமகம் நல்ல அளவுகோல்: 1968, 1980, 1992, 2004, 2016. "மூத்த பையன் மகாமகத்துக்கு முன்னாடியா, அப்புறமா?" என்றால் சட்டென்று பதில் வரும். கடலோரத்தில் 1952 புயல், 1977 புயல், 2004 சுனாமி, 2018 கஜா. இப்படிக் கேட்டால் பிள்ளைகளின் வயது ஓராண்டு, இரண்டாண்டுக்குள் சரியாக அமைந்துவிடும்.

இறந்த குழந்தைகள் பற்றிய கேள்வியைக் கடைசியில் வையுங்கள். அதைப் பெண் ஒருவர்தான் கேட்க வேண்டும், மாமியார் பக்கத்தில் இல்லாதபோது. முறையைக் கேட்ட உடனே குழந்தை இறந்ததைக் கேட்டால், "நீ சொந்தத்தில் கட்டியதால்தான்" என்று குற்றம் சாட்டுவதுபோல அவள் காதில் விழும். என் முதல் படிவத்தில் இரண்டும் அடுத்தடுத்து இருந்தன. ஒரு தாய் அழுதது இன்னும் நினைவில் இருக்கிறது. அன்றிரவே படிவத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினேன்.

மேலே எங்கே படிப்பது

சென்னையில் ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆய்வு முறைகள் பற்றி இலவச இணைய வகுப்பு நடத்துகிறது. அதை முதலில் முடியுங்கள். கொசுவும் யானைக்காலும் என்றால் பக்கத்திலேயே புதுச்சேரியில் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம், 1975 முதல் இருக்கிறது. மானுடவியல் வழியாகப் போக விரும்பினால் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். மரபணு வழியாகப் போக ஐதராபாத் சி.சி.எம்.பி., மேற்கு வங்கம் கல்யாணியில் உயிர்மருத்துவ மரபணுவியல் நிறுவனம். நேர்முகத்துக்குப் போகும்போது நீங்களே எழுதிய ஐம்பது கொடிவழிகள் கையில் இருந்தால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு.

ஆய்வு முடிந்ததும் ஊருக்குத் திரும்பிப் போங்கள். ஒரு பக்கத் தமிழ்த் தாளில், யார் பெயரும் இல்லாமல், என்ன தெரிந்தது என்று எழுதி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் தொலைபேசி எண்ணையும் கொடுத்துவிட்டு வாருங்கள். கேள்விகள் பிறகுதான் வரும். முறை கேட்காததற்கு என்னைத் திருத்திய அந்தப் பாட்டி மூன்று ஆண்டு கழித்து அழைத்தார். பேத்திக்கு மாமன் மகனையே பேசுகிறார்களாம், செய்யலாமா கூடாதா என்று கேட்டார். செய், செய்யாதே என்று சொல்ல நான் யார்? குடும்பத்தில் யாருக்காவது காது கேளாமை, ரத்த நோய், சின்ன வயதில் இறப்பு உண்டா என்று கேட்டேன். ஒரு மரபியல் ஆலோசகரைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றேன். கையில் ஒரு வரைபடம் இருந்தால் அவருக்கு வேலை எளிது. ஞாயிற்றுக்கிழமை சார்ட் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு போனேன். பேத்தியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.